முன்பின் தெரியாதவருக்குச் சொல்லும் கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு இரண்டையும் கேட்டேன். முதலாவதில் திருச்சிக் கல்லூரியில் பி.காம். சீட் கிடைத்த சந்தோஷம். மறுநாள் வந்ததில் அந்தச் சந்தோஷம் பாதியாகியிருந்தது. கோச்சிங் சென்டரில் ஒருவர், "காலேஜுக்குப் போய் மூணு வருஷத்தை ஏன் வீணாக்கணும்? தபால்ல பி.காம். போட்டுட்டு முழு நேரமும் சி.ஏ.வுக்கு உட்காரு" என்றாராம். போதாக்குறைக்கு, கல்யாண வீட்டில் பார்த்த சொந்தக்காரர் ஒருவர் "என்ஜினீயரிங் கிடைக்கலையா?" என்று உச்சுக்கொட்டியிருக்கிறார். அண்ணன் வழக்கம்போல "அத்தையைக் கேட்டுக்கோ" என்று ஒதுங்கிக்கொண்டார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் சேர். தினமும் போ. வகுப்பில் உட்கார்ந்து படி. சி.ஏ.வையும் விடாதே. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் காரணம் தெரியாமல் ஒரு முடிவை எடுத்தால், அடுத்து யாராவது வேறு மாதிரி சொன்னதும் மனசு மாறிவிடும். காரணம் கொஞ்சம் பழைய கதை. பம்பாயில் 1913-இல் தொடங்கிய ஒரு கல்லூரியின் கதை. அதற்குப் போகும் வழி மட்டும் நம் காரைக்குடிப் பக்கத்திலிருந்துதான்.

செட்டியார்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனதை நீ வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவள். அங்கே லேவாதேவிக் கடையில் மீசை முளைக்காத வயதில் பெட்டியடிப் பையனாகச் சேருவார்கள். கூட்டிப் பெருக்குவது, வசூலுக்கு ஓடுவது, சிட்டை எழுதுவது. தேறினால் அடுத்தாள். அதற்கும் மேலே போனால் கடையையே நடத்தும் மேலாள். பேரேடு எழுதுவதையும் வட்டி கூட்டுவதையும் ஐந்தொகை போட்டு ஊரிலுள்ள முதலாளிக்கு அனுப்புவதையும் எந்தப் பள்ளிக்கூடமும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை. கடையே பள்ளிக்கூடம். இன்று நாம் ஆர்ட்டிகிள்ஷிப் என்கிறோமே, அது நமக்குப் புதிதில்லை. குஜராத்தி, மார்வாடி வணிகர்களிடமும் இதே ஏற்பாடு இருந்தது. கணக்கு எழுதத் தெரியாத நாடாக இது ஒருநாளும் இருந்ததில்லை.

ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் முதலாளி பார்ப்பதற்காக எழுதப்பட்டது. பணம் அவருடையது, கடை அவருடையது, எழுதுகிற பையன் அவருடைய ஊர்க்காரன். தப்பு நடந்தால் சொந்தத்துக்குள் கேட்டுத் தீர்த்துக்கொள்வார்கள். கூட்டுப்பங்கு கம்பெனி என்று ஒன்று வந்ததும் இந்த ஏற்பாடு போதாமல் போய்விட்டது. பங்கு வாங்கியவர் மில்லைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார். நடத்துகிறவர்களின் முகம் அவருக்குத் தெரியாது. அவர் கையில் வந்து சேர்வது வருஷத்துக்கு ஒரு பேலன்ஸ் ஷீட் மட்டும். அந்தத் தாளை நம்பலாமா என்பதுதான் நம் ஆடிட்டர் தொழிலின் ஆதிக்கேள்வி, பாப்பா. நாம் கணக்குச் சொல்வது நமக்குச் சம்பளம் கொடுப்பவருக்கு மட்டுமில்லை, முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்கு.

நம்பித் தொலைத்தவர்கள் பம்பாயில் ஏராளம். 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து லங்காஷயர் மில்களுக்குப் போய்க்கொண்டிருந்த பஞ்சு நின்றது. இந்தியப் பஞ்சுக்கு விலை எகிறி, பம்பாயில் பணம் கொட்டியது. கொட்டிய பணம் போக இடமில்லாமல் கம்பெனி கம்பெனியாக முளைத்தது. பாக் பே என்ற வளைகுடாவில் கடலைத் தூர்த்து நிலமாக்கப் போவதாகச் சொன்ன கம்பெனியின் பங்குக்கு ஊரே அடித்துக்கொண்டது. 1865-இல் போர் முடிந்தது, பஞ்சு விலை விழுந்தது, பங்குகள் காகிதமாயின. பங்குகளையே ஈடாக வாங்கிக்கொண்டு கடன் கொடுத்திருந்த பாங்க் ஆஃப் பாம்பே முதலை இழந்து மூடவேண்டியதாயிற்று. அரசாங்கத்துக்கும் பங்கு இருந்த வங்கி அது.

நாற்பது வருஷம் கழித்துச் சென்னையின் முறை. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. பென்ஷன் வாங்கியவர்கள், விதவைகள், கோயில் காரியத்துக்குப் பணம் சேர்த்தவர்கள் என்று எல்லோரும் வெள்ளைக்காரர் கடையாயிற்றே என்று நம்பிப் போட்ட பணம். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது, பணம் போட்டவர்களுக்கு முழுதாகத் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் வி. கிருஷ்ணசுவாமி ஐயரும் மற்றவர்களும் முன்னின்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். உன் ஸ்காலர்ஷிப் பணம் வந்து விழுகிற வங்கி அதுதானே? அதன் பிறப்பில் இப்படி ஒரு திவால் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் கல்லூரி வருகிறது. வணிகத்தைச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் அதற்கு முன்பே இருந்தன. சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளை 1886-லேயே ஒரு வணிகப் பள்ளியைத் தொடங்கியிருந்தது. பம்பாயில் 1900-இல் தாவர் என்பவர் ஒரு நிறுவனம் ஆரம்பித்தார். இவற்றில் புக்கீப்பிங், சுருக்கெழுத்து, வணிகக் கடிதம் எல்லாம் கற்று ஆபீஸ் வேலைக்குப் போனார்கள். நல்ல காரியம்தான், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதுதான் சோறு போட்டது. ஆனால் கணக்கை எழுதுகிறவர்கள் இந்தியர்களாகவும், அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்த ஆடிட்டர்களாகவும் இருந்தார்கள்.

கே. எஸ். ஐயர் என்று ஒருவர். பெயரிலேயே தெற்கத்திக்காரர் என்று தெரியும். 1897-இல் பம்பாயில் அவர் தொடங்கிய கணக்காய்வு நிறுவனம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. இந்தியக் கணக்காளர் தொழிலின் பிதாமகர் என்று எங்கள் ஆட்கள் அவரைச் சொல்வார்கள். அவர் நினைத்திருந்தால் தன் ஆபீஸிலேயே பையன்களை வைத்துப் பழக்கிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். தொழில் கையில் இருந்தது, வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஆனாலும் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஒரு வணிகக் கல்லூரி வேண்டும் என்று பாடுபட்டவர்களில் அவர் முன்வரிசை. கல்லூரி வந்ததும் சம்பளம் வாங்காத கௌரவ முதல்வராகத் தொடக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டார். ஆபீஸ் பழக்கம் மட்டும் போதும் என்று சொல்ல அவரைவிடத் தகுதியுள்ளவர் அன்றைக்கு யார்? அவரே போதாது என்று நினைத்தார். கோச்சிங் சென்டர்காரரின் யோசனையை நான் ஏற்காததற்கு இது ஒரு பெரிய காரணம்.

1913 அக்டோபரில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் கீழ் அந்த அரசுக் கல்லூரி தொடங்கியது. அந்த ஆண்டுதான் பதவி முடிந்து போன கவர்னர் லார்ட் சிடனம் பெயரை வைத்தார்கள். சிடனம் வணிகவியல், பொருளாதாரக் கல்லூரி. ஆசியாவிலேயே முதல் வணிகவியல் கல்லூரி என்பார்கள். நாடெங்கும் இன்று லட்சக்கணக்கில் படிக்கும் பி.காம். பட்டத்துக்கு அதுதான் தாய்வீடு. பெயரைக் கவனி. வெறும் கணக்கியல் கல்லூரி என்று அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை, பொருளாதாரத்தையும் கூடவே வைத்தார்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படித்த பெர்சி ஆன்ஸ்டியை முதல்வராகக் கொண்டுவந்தார்கள். பேரேட்டில் விழுகிற ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் ஒரு சந்தை, ஒரு சட்டம், ஒரு ஊர் இருக்கிறது. அதைத் தெரியாமல் தொகையை மட்டும் சரிபார்க்கிறவர் எழுத்தராகவே நின்றுவிடுவார். அவர்கள் இதை யோசித்தே செய்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

அதே ஆண்டில் புதிய கம்பெனிச் சட்டமும் வந்தது. என்னென்ன புத்தகங்கள் வைத்திருக்கவேண்டும், தணிக்கை செய்பவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று அது வகுத்தது. அதன்படி மாகாண அரசு ஒரு வகைச் சான்றிதழைக் கட்டுப்பாட்டோடு கொடுத்தது. அதை வைத்திருப்பவர் அந்த மாகாணத்துக்குள் மட்டும், சான்றிதழில் குறிப்பிட்ட மொழியிலுள்ள கணக்குகளை மட்டும் தணிக்கை செய்யலாம். குஜராத்திப் பேரேட்டுக்கு ஓர் ஆடிட்டர், தமிழ்ப் பேரேட்டுக்கு ஓர் ஆடிட்டர்! எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். கணக்கு அவரவர் மொழியில்தான் இருந்தது என்பதற்கு அரசாங்கமே தந்த சாட்சி இது.

கல்லூரியும் சட்டமும் வந்த அந்த 1913 முடிவதற்குள் வங்கிகள் வரிசையாகச் சாய்ந்தன. செப்டம்பரில் லாகூரின் பீப்பிள்ஸ் பாங்க். நவம்பரில் பம்பாயிலேயே இந்தியன் ஸ்பீசி பாங்க், வெள்ளிச் சூதாட்டத்தில் போனது. முதல் வருஷ மாணவர்களுக்குப் பாடம் வாசலிலேயே நடந்தது.

1918-இல் பம்பாய் அரசு ஜி.டி.ஏ. என்ற கணக்கியல் டிப்ளமாவைக் கொண்டுவந்தது. பரீட்சை எழுதுவது ஒரு பாதி, அங்கீகாரம் பெற்ற கணக்காளரிடம் மூன்று ஆண்டு பயிற்சி இன்னொரு பாதி. இரண்டும் முடித்தவர் நாடு முழுக்கத் தணிக்கை செய்யலாம். இந்த இரட்டை ஏற்பாடுதான் பல கைமாறி, 1932-இல் ரெஜிஸ்டர்டு அக்கவுண்டன்ட் ஆகி, 1949-இல் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ் சட்டமாகி, இப்போது உன் மேஜையில் மாட்யூல் புத்தகங்களாக வந்து உட்கார்ந்திருக்கிறது. நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. 1927-லேயே சென்னையில் ஆடிட்டர்கள் சங்கம் வைத்துவிட்டார்கள்.

அந்த 1918-இல் சிடனம் கல்லூரிக்கு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் வந்தார். கொலம்பியாவில் படித்துவிட்டு, லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பியவர். அதற்கு முன் பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கிப் பார்த்தார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகிப்போனார்கள். கல்லூரியில் அவர் வகுப்பைக் கேட்க வேறு கல்லூரி மாணவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் ஆசிரியர் அறையிலிருந்த பொதுப் பானையில் அவர் தண்ணீர் மொண்டு குடிப்பதைச் சக பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். டாக்டர் அம்பேத்கரைத்தான் சொல்கிறேன். 1920 வரை அங்கே இருந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, லண்டனுக்குத் திரும்பிப் போய்ப் படிப்பை முடித்தார். ரூபாயின் பிரச்சினை பற்றிய அவருடைய ஆய்வு 1923-இல் புத்தகமாக வந்தது. 1925 முதல் 1928 வரை பம்பாயில் ஒரு கணக்கியல் பயிற்சி நிலையத்தில் பகுதி நேரமாக வணிகச் சட்டமும் நடத்தினார். அரசியல் சட்டத்தை எழுதியவர் நம் பிள்ளைகளுக்கு மெர்க்கன்டைல் லா எடுத்தவர் என்பதை வணிகவியல் படிக்கிறவர்களே பலர் அறியமாட்டார்கள். பெருமையையும் அந்தப் பானையையும் சேர்த்தே நீ தெரிந்துகொள்ளவேண்டும். பங்குதாரருக்கு நியாயம் சொல்லித்தரும் கட்டடத்துக்குள்ளேயே அது நடந்தது.

ஆன்ஸ்டியின் கதை சோகமானது. 1920-இல் காலராவில் இறந்துபோனார். அவர் மனைவி வேரா ஆன்ஸ்டி பிள்ளைகளோடு இங்கிலாந்து திரும்பி, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஆசிரியராகி, 1929-இல் இந்தியப் பொருளாதார வளர்ச்சி பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். நெடுங்காலம் பொருளாதார மாணவர்கள் புரட்டிய நூல். பின்னாளில் சிடனம் கல்லூரி முதல்வராக இருந்த டன்னன் எழுதிய வங்கிச் சட்டப் புத்தகத்தை வங்கித் தேர்வு எழுதுபவர்கள் இன்றும் படிக்கிறார்கள். கல்லூரி இன்று சர்ச்கேட்டில் இருக்கிறது, அந்தக் காலத்தில் ஊரையே மொட்டையடித்த அதே பாக் பேயைப் பிற்பாடு உண்மையாகவே தூர்த்து எடுத்த நிலத்துப் பக்கம். நூறு வருஷம் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தோடு இருந்துவிட்டு, சமீபத்தில் ஹோமி பாபா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டது.

பம்பாய்க் கதை போதும். சென்னைக்கு வருகிறேன், உனக்கு இவர் முக்கியம். ஆர். சிவபோகம், 1907-இல் பிறந்தவர். ராணி மேரிக் கல்லூரியில் படித்தார். சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி வேலூர் சிறையில் ஓராண்டு இருந்தார். வெளியே வந்து, அன்றைக்கு எந்தப் பெண்ணும் எட்டிப் பார்க்காத கணக்கியலை எடுத்து 1933-இல் ஜி.டி.ஏ. தேறினார். இந்தியாவில் அதைத் தேறிய முதல் பெண். சென்னையில் சி. எஸ். சாஸ்திரி என்ற ஆடிட்டரிடம் பயிற்சி. எல்லாம் முடிந்து தொழில் தொடங்கப் போனால் ஒரு தடை. சிறைக்குப் போனவர்கள் கணக்காளராகப் பதிவு செய்துகொள்ள முடியாது என்று விதி இருந்தது. அவர் அடங்கிப் போகவில்லை. வழக்குப் போட்டு வென்றார். 1937-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கி, பிறகு எங்கள் சி.ஏ. அமைப்பின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். சி.ஏ. இறுதித் தேர்வில் முதல் முயற்சியிலேயே சிறந்து தேறும் பெண்ணுக்கு இன்றும் அவர் பெயரில் பரிசு கொடுக்கிறார்கள்.

கல்லூரியில் அவர் படித்தது கணக்கியலே இல்லை. ஆனால் தன்னைத் தடுக்கிற விதியை எதிர்த்து நீதிமன்றப் படியேறலாம் என்ற தைரியம் எந்த மாட்யூலிலும் வருவதில்லை. பலதரப்பட்ட ஆட்களோடு, பாடத்துக்குச் சம்பந்தமில்லாததையும் பேசிப் படித்த இடத்தில்தான் அது வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் அந்தக் காலம் என்பாய். என் ஆபீஸில் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

2023 மார்ச் முடிந்து ஒரு நூற்பாலைக்கு இருப்புச் சோதனைக்குப் போனோம். இரண்டு ஆர்ட்டிகிள் பிள்ளைகள் கூட வந்தார்கள். ஒரு பையன், ஒரு பெண். பையன் கெட்டிக்காரன், தபால் வழியில் பட்டம், முழு நேரமும் கோச்சிங். அவன் குடோனில் பஞ்சுப் பேல்களை லாட் வாரியாக எண்ணினான். பேல் மேல் பெயின்டில் போட்டிருந்த எண்ணையும் குடோன் ரெஜிஸ்டரையும் வைத்துச் சரிபார்த்தான். கொள்முதல் பில், லாரி ரசீது, எடைச்சீட்டு மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து டிக் அடித்தான். ஒரு பேல் கூட இடிக்கவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

அந்தப் பெண் ரெகுலர் கல்லூரியில் பி.காம். முடித்தவள். அவளுடைய பொருளாதாரப் பேராசிரியர் தினமும் பேப்பரில் சந்தை நிலவரப் பக்கத்தை வகுப்பில் படிக்கவைப்பாராம். அவள் ஒரு லாட்டின் பில்லை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். 2022 மே. "மேடம், அப்ப ஒரு கண்டி பஞ்சு லட்ச ரூபாயத் தாண்டிப் போச்சு. இப்ப அறுபதாயிரத்துச் சொச்சம்தானே? இன்னும் வாங்கின விலையிலயே இருப்புல வச்சிருக்காங்களே" என்றாள். இருப்பை அடக்கவிலை, விற்றால் வரக்கூடிய விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்டவேண்டும் என்பது விதி. பையனுக்கும் மனப்பாடமாகத் தெரியும். மூலப்பொருளில் ஒரு சூட்சுமமும் உண்டு. நூல் அடக்கத்துக்கு மேல் விற்கும் என்றால் பஞ்சின் மதிப்பைக் குறைக்க வேண்டியதில்லை. அதையும் அவளே கேட்டாள். "நூல் என்ன விலைக்குப் போகுது?" விற்பனை பில்லை எடுத்துப் பார்த்தால், அதுவும் அடக்கத்துக்குக் கீழே. மில்காரர் கெட்டவரில்லை, அந்த விலையை மனசார ஒப்புக்கொள்ள அவருக்கு முடியவில்லை, அவ்வளவுதான். பேசி, காட்டி, மதிப்பைக் குறைத்தோம். லாபம் நஷ்டமாகத் திரும்பியது. அந்த பேலன்ஸ் ஷீட்டை நம்பிக் கடன் கொடுக்கும் வங்கியில் எங்களை யாருக்கும் தெரியாது. தெரியாத அவர்களுக்காகத்தான் அதைச் செய்தோம்.

பையன் எண்ணியதில் பிழையில்லை. எண்ணப்பட்ட பொருளுக்கு வெளியில் ஓர் உலகம் நடந்துகொண்டிருப்பதைப் பார்க்க அவனுக்கு யாரும் பழக்கம் ஏற்படுத்தவில்லை. அதே பழக்கம் எவ்வளவு பெரிய இடத்தில் இல்லாமல் போகிறது என்பதற்கு சத்யம் என்ற ஐ.டி. கம்பெனி இருக்கிறது. 2009 ஜனவரி 7-ஆம் தேதி அதன் தலைவரே கடிதம் எழுதி, கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்றார். காகிதத்தில் எல்லாம் டிக் ஆகியிருந்தது. 1913 சட்டத்துக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 2013-இல் நமக்கு இன்னொரு புதிய கம்பெனிச் சட்டம் தேவைப்பட்டதற்கு இப்படிப்பட்ட சம்பவங்களும் காரணம்.

நீ உடனே என்ன கேட்பாய் என்று தெரியும். "அத்தை, எல்லாக் காலேஜிலும் அப்படியா நடத்துறாங்க?" இல்லை. பல இடங்களில் நோட்ஸைச் சொல்லி எழுதவைப்பதோடு வகுப்பு முடிந்துவிடுகிறது. பேராசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்கள் சொற்பச் சம்பளத்தில் இழுத்துப் பிடிக்கிறார்கள். அவர்களை நொந்து என்ன பயன்? முதல் மாதத்திலேயே எல்லா வகுப்பையும் கவனித்துப் பார். பாடத்தை நேசிக்கிற இரண்டு பேராவது இருப்பார்கள். கணக்கியல் துறையில் இல்லாமல் பொருளாதாரத்திலோ தமிழிலோகூட இருக்கலாம். அவர்களை விடாமல் பிடித்துக்கொள். வகுப்பு முடிந்ததும் போய்க் கேள், அவர்கள் சொல்லும் புத்தகத்தை நூலகத்தில் எடு. மற்ற வகுப்புகளுக்கு அட்டெண்டன்ஸ் போதும் என்று சொல்லமாட்டேன், ஆனால் அங்கே மனசு போகாவிட்டால் குற்றமாக நினைக்காதே.

மொழிப் பாடத்தை அலட்சியம் செய்யாதே. ஆடிட்டர் வேலையில் பாதி எழுதுவதுதான். தணிக்கை அறிக்கையில் ஒரு வாக்கியம் வழவழவென்று இருந்தால் அதற்குள் ஒரு கம்பெனியே ஒளிந்துகொள்ளும். வருமானவரி நோட்டீஸுக்குப் பதில் எழுதத் தெரியாத ஆடிட்டர்கள் இருக்கிறார்கள், ரேங்க் வாங்கியவர்கள்கூட. தமிழிலும் எழுதிப் பழகு. மளிகைக் கடைக்காரரும் விசைத்தறிக்காரரும் உன்னிடம் வந்து, "இதுல என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்கும்போது அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரியவேண்டும்.

கூடப் படிக்கிறவர்களைப் பற்றியும் ஒன்று. அந்த வகுப்பில் எல்லோரும் சி.ஏ. ஆகப்போவதில்லை. ஒருத்தி வங்கிக்குப் போவாள், ஒருவன் அப்பாவின் ஹார்டுவேர் கடையில் உட்காருவான், ஒருத்தி பள்ளிக்கூட டீச்சர் ஆவாள், ஒருவன் கூட்டுறவுச் சங்கத்தில் சேருவான். நீ எதிர்காலத்தில் யாருக்காகக் கணக்குப் பார்க்கப் போகிறாயோ அவர்கள்தான் இவர்கள். கோச்சிங் வகுப்பில் உன்னைப் போன்றவர்களை மட்டும்தான் பார்ப்பாய்.

பொழுது வீணாகும் என்ற பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சி.ஏ.வின் ஃபவுண்டேஷன், இன்டர் தேர்வுகள் இப்போது வருஷத்துக்கு மூன்று முறை நடக்கின்றன. ஃபவுண்டேஷனை முதல் வருஷத்திலேயே எழுது, உன் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் மறக்கும் முன்பே. வராவிட்டாலும் பதறாதே. பி.காம். 55 சதவீதத்தோடு முடித்தால் ஃபவுண்டேஷன் இல்லாமலே நேராக இன்டருக்குப் பதிவு செய்துகொள்ளலாம். இன்டரை இரண்டாம், மூன்றாம் வருஷத்தில் குரூப் குரூப்பாக எடுத்துக்கொள். 2023-இல் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டு ஆண்டாகக் குறைந்துவிட்டது. எங்கள் காலத்தைவிட உங்களுக்கு ஆபீஸ் பழக்கம் குறைவு என்பதால்தான் அதற்கு முன்னால் வருகிற கல்லூரிக் காலம் இன்னும் முக்கியமாகிறது. பட்டம் முடித்த கையோடு ஆர்ட்டிகிள் சேர்ந்தால், 23, 24 வயதில் முடித்துவிடலாம். தபால் வழியில் போனால் ஒருவேளை ஒரு வருஷம் மிச்சமாகும். அந்த ஒரு வருஷத்தை எதற்குச் செலவிடப் போகிறாய் என்று கோச்சிங் சென்டர்காரரிடம் கேட்டுப் பார்.

ஆர்ட்டிகிளுக்கு என்னிடமே வருகிறேன் என்றாய். வேண்டாம். சொந்தக்காரி ஆபீஸில் யாரும் உன்னைத் திட்டமாட்டார்கள், திட்டு வாங்காமல் வவுச்சர் பார்க்கக் கற்க முடியாது. சென்னையிலோ மதுரையிலோ நடுத்தர அளவுள்ள ஆபீஸாகப் பார்த்துச் சேர்த்துவிடுகிறேன். வரி, தணிக்கை, கம்பெனிச் சட்டம் மூன்றும் கை வழியாகப் போகிற இடமாக இருக்கவேண்டும்.

அந்தக் கல்யாண வீட்டுக்காரருக்கு நீ பதில் சொல்லவேண்டாம். அவருடைய வீட்டுக்கடன் விண்ணப்பத்தை உன் அப்பாதான் போன மாதம் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தார்.

கல்லூரியில் கட்டணம் கட்டக் கடைசித் தேதியை நோட்டீஸ் போர்டில் நேரில் போய்ப் பார், போனில் கேட்காதே. டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றையும் ஒரிஜினலோடு நாலு நகல் எடுத்து வை. ஹாஸ்டலில் இடம் தாமதமானால் திருவானைக்காவலில் எனக்குத் தெரிந்தவர் வீட்டில் ஒரு மாதம் தங்கிக்கொள்ளலாம், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஃபவுண்டேஷனுக்குத் தேர்வுக்கு நாலு மாதம் முன்பே பதிவு செய்திருக்கவேண்டும் என்பதால் அதைக் கல்லூரி திறக்கும்வரை தள்ளிப்போடாதே. கட்டணத்தை நான் அனுப்புகிறேன், ரசீதை மட்டும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அத்தை
கோயம்புத்தூர்